போவதென்று தீர்ப்பளித்தனர், எவ்விடம் போவதென்று தீர்ப்பளிக்கவில்லை

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய வாசிகசாலைக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய கதையைப் பற்றிப் பேச வேண்டுமென்று வாசிகசாலைச் செயலாளர் எம்மிடம் கேட்டபோது சற்றே தயங்கினோம். வெங்காயப் பாத்திக்கு இறைப்பை முடித்து, காற்சேற்றைக் கழுவிக்கொண்டு நேரே இங்கு வந்திருக்கும் கமக்காரருக்குச் சீமைக் கதை எதற்கு என்பதே அத்தயக்கம். பின்னர் ஒன்றை எண்ணிப் பார்த்தோம். இம்மண்டபத்தில் அமர்ந்திருப்போருள் மகனோ மகளோ, தம்பியோ மருமகளோ அந்நாட்டில் இல்லாத குடும்பத்தவர் எத்தனை பேர்? அங்கே பவுணின் மதிப்பு இறங்கினால் இங்கே வீடு கட்ட வரும் பணம் குறைகிறது. அங்கே குடியிருப்புச் சட்டம் மாறினால் இங்கே கிழவியொருத்திக்கு நித்திரை கெடுகிறது. ஆகவே இது பிறர் வீட்டுக் கதையாயினும் நம் வீட்டுச் சுவரோடு ஒட்டிய கதை.

முதலிற் சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 1957இல் ஆறு நாடுகள் ரோமாபுரியில் ஒப்பந்தம் செய்து பொதுச் சந்தை ஒன்றை அமைத்தன. பிரித்தானியா ஒதுங்கி நின்றது. பிறகு மனம் மாறிக் கதவைத் தட்டியபோது, பிரான்சின் அதிபர் டி கோல் 1963இலும் 1967இலும் அதனைத் தடுத்துவிட்டார். 1973 ஜனவரி முதலாந் திகதியே இடம் கிடைத்தது. அப்போது பொதுநலவாய நாடுகள் பல கலங்கின. தன் வெண்ணெயையும் ஆட்டிறைச்சியையும் இலண்டனுக்கு அனுப்பியே வாழ்ந்த நியூசிலாந்து மிகவும் கலங்கியது. நம் நாட்டின் பெயரும் அந்தப் பத்திரங்களில் உண்டு. இந்தியா, பாக்கிஸ்தான், மலேசியா, சிங்கப்பூர் ஆகியவற்றோடு இலங்கையின் வர்த்தகத்தையும் கவனிப்போம் என்று சேர்வு ஒப்பந்தத்தோடு ஒரு பிரகடனம் இணைக்கப்பட்டது. கவனிப்போம் என்ற சொல்லுக்கு இராசதந்திரத்தில் எவ்வளவு பொருள் உண்டென்பதை நீங்கள் அறிவீர்கள்.

1975இல் அந்நாட்டு மக்களிடம் முதன்முறை கேட்டார்கள். நூற்றுக்கு 67 பேர் இருப்போம் என்றனர். நாற்பத்தொரு ஆண்டுகளின் பின், 2016 யூன் 23ஆந் திகதி, மறுபடி கேட்டார்கள். ஒரு கோடியே 74 இலட்சம் பேர் போவோம் என்றனர். ஒரு கோடியே 61 இலட்சம் பேர் இருப்போம் என்றனர். வீதக் கணக்கில் 51.9க்கு 48.1.

இடையில் நடந்ததென்ன? டேவிட் கமரூன் தம் கட்சிக்குள் இருந்த பூசலை அடக்குவதற்காக 2013இல் வாக்கெடுப்பு நடத்துவதாக வாக்களித்தார். 2015இல் தேர்தலில் வென்றமையால் அவ்வாக்கைக் காப்பாற்ற வேண்டியவரானார். வீட்டுச் சண்டையைத் தீர்க்க ஊர்ப் பஞ்சாயத்தைக் கூட்டுவோர் நம்மிடையேயும் உளர். முடிவு வெளியான அன்று காலையே அவர் பதவி துறப்பதாக அறிவித்தார்.

வெளியேறுவோம் என்றவர்களை மூடர் என்று இகழ்ந்து எழுதிய பத்திரிகைகளை நாமும் வாசித்தோம். அவ்விகழ்ச்சியில் எமக்கு உடன்பாடில்லை. தம் சட்டத்தைத் தாமே இயற்ற வேண்டும், தம் கடலில் தாமே மீன் பிடிக்க வேண்டும், தம் வாசலில் யார் நுழையலாமென்று தாமே தீர்மானிக்க வேண்டும் என்று ஒரு மக்கட் கூட்டம் விரும்புமாயின், அவ்விருப்பத்தை எள்ளி நகையாட உலகில் யாருக்கு உரிமை இருந்தாலும் தமிழனுக்கு இல்லை. மீன்பிடித் துறைமுகங்களும், நிலக்கரிச் சுரங்கம் மூடிப் பாழான வேல்சுப் பள்ளத்தாக்குகளும், ஆலைகள் போய் வெறிச்சோடிய வடபால் நகரங்களும் அன்று அளித்த வாக்கில் நெடுநாளைய புண் ஒன்று இருந்தது. புருசெல்சைத் திட்டியவர்களிற் பலர் உண்மையில் இலண்டனையே திட்டினார்கள் என்பது எம் எண்ணம்.

குற்றம் விருப்பத்தில் இல்லை, வினாவில் இருந்தது. ஒன்றியத்தில் இருப்பதா, வெளியேறுவதா என்று மட்டுமே வாக்குச்சீட்டுக் கேட்டது. வெளியேறி எவ்விடம் போவதென்று கேட்கவில்லை. நோர்வேயைப் போல ஒன்றியத்துக்கு வெளியே நின்று அதன் சந்தைக்குள் இருக்கலாம். சுவிற்சர்லாந்தைப் போலத் தனித்தனி ஒப்பந்தங்கள் செய்யலாம். கனடாவைப் போல வெறும் வர்த்தக உடன்படிக்கையோடு நிற்கலாம். எதுவுமில்லாமல் கதவை அடித்துச் சாத்திவிட்டும் போகலாம். இந்நான்கும் நான்கு வேறு நாடுகள் என்று சொல்லுமளவுக்கு வேறுபட்டவை. நான்கையும் விரும்பியவர்கள் ஒரே பெட்டியில் ஒரே அடையாளத்தை இட்டார்கள். எண்ணி முடித்தபின், அது என் வழிக்குக் கிடைத்த வாக்கு என்று ஒவ்வொருவரும் உரிமை கொண்டாடினர். வாரந்தோறும் 35 கோடிப் பவுண் புருசெல்சுக்குப் போகிறது, அதனை வைத்தியசேவைக்குத் தருவோம் என்று ஒரு பேருந்தின் பக்கத்தில் எழுதி ஊர் ஊராக ஓட்டினார்கள். அத்தொகை மக்களை மயக்குவது என்று அந்நாட்டுப் புள்ளிவிபர அதிகாரசபையே கண்டித்தும் பேருந்து நிற்கவில்லை. மறுபுறத்தாரும் சுத்தவாளிகளல்லர். வெளியேற வாக்களித்தால் உடனே மந்தம் வரும், ஐந்து இலட்சம் பேர் வேலை இழப்பர் என்று திறைசேரி அச்சுறுத்தியது. அப்படி ஒன்றும் உடனே வரவில்லை.

வந்தது வேறொன்று. வாக்கு எண்ணிய அன்றிரவு 1.50 டொலரைத் தொட்டுநின்ற பவுண், விடியுமுன் 1.33க்கும் கீழே போயிற்று; 1985க்குப் பின் அவ்வளவு தாழ்வை அது கண்டதில்லை. 1967 நவம்பரில் பிரித்தானிய அரசாங்கம் பவுணை மதிப்பிறக்கியபோது, நம் நாடும் பின்தொடர்ந்து ரூபாவை 20 வீதம் இறக்கியதை முதியோர் மறந்திரார். அன்று அரசாங்கம் கையெழுத்திட்டு இறக்கியது. 2016இல் எவரும் கையெழுத்திடவில்லை. நாளை என்ன நடக்குமென்று தெரியாத வியாபாரிகளின் அச்சமே இறக்கியது.

அதன் பிறகு மூன்றரை ஆண்டுகள் பாராளுமன்றங்களின் தாய் என்று நாம் படித்த சபை தன் வீட்டுக்குள் வழி தெரியாமல் அலைந்தது. தெரேசா மே அம்மையார் 2017 மார்ச்சில் விலகல் அறிவித்தலைக் கொடுத்தார். இரண்டாண்டுத் தவணை ஓடத் தொடங்கியது. யூனில் தேவையற்ற தேர்தலை நடத்திப் பெரும்பான்மையை இழந்தார். அவர் கொண்டுவந்த ஒப்பந்தத்தை 2019 ஜனவரியில் 432க்கு 202 என்று சபை நிராகரித்தது. 230 வாக்கு வித்தியாசத்தில் அரசாங்கமொன்று அங்கே தோற்றது அதுவே முதன்முறை. மார்ச்சில் இன்னும் இரண்டு முறை நிராகரித்தது. ஒப்பந்தம் வேண்டாம் என்றது. ஒப்பந்தமின்றிப் போவதும் வேண்டாம் என்றது. மார்ச் 29 ஏப்ரல் 12 ஆயிற்று. ஏப்ரல் 12 ஒக்ரோபர் 31 ஆயிற்று. அடுத்து வந்த பொரிஸ் ஜோன்சன் பாராளுமன்றத்தை ஐந்து வாரம் ஒத்திவைக்க, அந்நாட்டு உயர் நீதிமன்றத்தின் பதினொரு நீதியரசரும் ஒருமனதாக அது சட்டவிரோதம் என்றனர். டிசம்பர்த் தேர்தலில் அவர் பெரு வெற்றி பெற்ற பின்னரே, 2020 ஜனவரி 31ஆந் திகதி இரவு பதினொரு மணிக்கு நாடு வெளியேறியது. வர்த்தக உடன்படிக்கையோ அவ்வாண்டு நத்தாருக்கு முதல்நாள்தான் முடிவாயிற்று. ஒரு வாரத்தில் அமுலுக்கு வந்தது.

இத்திகதிகளை உத்தியோகத்தர் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள். கமக்காரருக்கு நாம் சொல்ல விரும்புவது ஒரு செம்மறியாட்டின் கணக்கு.

வேல்சு மலைகளில் ஆடு வளர்ப்பவன் ஐப்பசி, கார்த்திகையிற் கடாவை மந்தைக்குள் விடுவான். ஐந்து மாதத்தில், பனி விலகும் பங்குனி சித்திரையில் மறிகள் குட்டி போடும். கோடை முழுதும் புல் மேய்த்து, ஆடி தொடங்கி ஐப்பசி வரையில் விற்பான். பிரித்தானியாவின் ஆட்டிறைச்சியில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு வெளிநாடு போவது; அதிற் பெரும்பகுதியை வாங்குவோர் பிரான்சு முதலிய ஐரோப்பிய நாட்டார். ஒன்றியத்துக்குள் இருந்தவரை அதற்குத் தீர்வை ஒரு சதமும் இல்லை. ஒப்பந்தமின்றி வெளியேறினால் 40 வீதத்துக்கு மேற்பட்ட தீர்வை. இப்போது 2018 கார்த்திகையில் அவன் நிலையை எண்ணிப் பாருங்கள். கடாவை விடுவதா, விடாதிருப்பதா? விட்டால் அடுத்த ஆண்டு அந்தக் குட்டிக்கு விலை உண்டா? பிரதம மந்திரிக்குத் தெரியாது, எதிர்க்கட்சித் தலைவருக்குத் தெரியாது, புருசெல்சுக்கும் தெரியாது. ஆட்டின் வயிற்றுக்கு மட்டும் திகதி தவறாது. பாராளுமன்றம் தவணையை மூன்று முறை நீட்டிக்கொள்ளலாம், மறி நீட்டாது. போதாக்குறைக்கு, நீட்டிய தவணை ஒக்ரோபர் 31 என்று வந்து நின்றபோது, அது குட்டிகள் சந்தைக்குப் போகும் பருவத்தின் நடுவே விழுந்தது. திகதியைக் குறித்தவர்களில் ஒருவராவது ஆடு வளர்த்திருக்க மாட்டார் என்று எமக்குத் தோன்றுகிறது.

இத்தவிப்பு நமக்குப் புதிதன்று. 1970களில் இறக்குமதித் தடையை நம்பி மிளகாயும் வெங்காயமும் நட்டு நிமிர்ந்த நம் கமக்காரர், 1977க்குப் பின் சந்தை திறந்துவிடப்பட்டபோது பட்டபாட்டை இச்சபையில் இருக்கும் முதியோர் எம்மிலும் நன்றாகச் சொல்வர்.

மானியத்தின் கதையும் அவ்வாறே. ஒன்றியத்தின் பொது விவசாயக் கொள்கையின் கீழ் பிரித்தானியக் கமக்காரருக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 300 கோடிப் பவுண் கிடைத்துவந்தது. நிலத்தின் அளவுக்கேற்பக் கொடுத்த அந்தப் பணம் பெரு நிலக்காரருக்கே பெரும்பங்காகப் போயிற்று என்ற குறை நியாயமானது. அதனை 2021 தொடங்கிப் படிப்படியாகக் குறைத்து, மண்ணையும் வேலியையும் பறவையையும் பேணுவோருக்கு ஊதியம் தரும் புதுத் திட்டத்தை இங்கிலாந்து கொண்டுவந்தது. நல்ல எண்ணந்தான். ஆயின் 2025 மார்ச் மாதத்தில், பணம் முடிந்தது என்று கூறி, முன்னறிவித்தலின்றிப் புது விண்ணப்பங்களுக்குக் கதவை மூடிவிட்டார்கள். பழைய மானியமும் போய்ப் புதியதும் கைக்கெட்டாமல் நின்றோர் பலர்.

இங்கிலாந்தின் கீழ்க்கரையில் பொஸ்ரன் என்றொரு பட்டினம் உண்டு; சுற்றிலும் கோவாவும் உருளைக்கிழங்கும் விளையும் மண். நாட்டிலேயே மிக அதிகமாக, நூற்றுக்கு 75.6 பேர் வெளியேறுவோம் என்றது அவ்விடம். அதே வயல்களில் மரக்கறி வெட்டியவர்களோ போலந்து, லித்துவேனியா முதலிய நாடுகளிலிருந்து வந்தோர். சில ஆண்டுகளுக்குள் ஒரு சிற்றூரின் கடைத்தெருவில் பிற மொழியே கேட்கலாயிற்று, வாடகை ஏறிற்று, பள்ளிக்கூடத்திலும் வைத்தியசாலையிலும் நெருக்கம். அம்மனத்தாங்கலை எவரும் செவிமடுக்கவில்லை. வாக்கெடுப்பின் பின் அவர்களின் வரவு குறைந்தது. வயல் வேலைக்கு ஆளில்லை என்று கமக்காரர் முறையிட, 2019இல் 2,500 பேருக்குப் பருவகால அனுமதி கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு அது 10,000. அதற்கடுத்த ஆண்டு 30,000. வந்தோரில் நேபாளத்திலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் கடன்பட்டு வந்தவர்கள் பலர். போலந்துக்காரன் வேலை பிடிக்காவிட்டால் அடுத்த ஊருக்குப் போய்விடுவான். இவர்களால் அப்படிப் போக இயலாது. அன்னியர் வரவைக் குறைக்கவென்று அளித்த வாக்கு, இன்னும் தொலைவிலிருந்து இன்னும் கையறுநிலையிலுள்ள அன்னியரைக் கொண்டுவந்து சேர்த்தது.

இனி நாம் அனைவரும் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடத்துக்கு வருகிறோம். ஐக்கிய இராச்சியம் ஒரே நாடன்று. நான்கு நாடுகளின் கூட்டு. இங்கிலாந்தும் வேல்சும் வெளியேறுவோம் என்றன. ஸ்கொத்லாந்தில் நூற்றுக்கு 62 பேர் இருப்போம் என்றனர். அங்குள்ள 32 உள்ளூராட்சிப் பிரிவுகளில் ஒன்றேனும் வெளியேற வாக்களிக்கவில்லை. வட அயர்லாந்தில் 55.8 வீதத்தினர் இருப்போம் என்றனர். எல்லா வாக்கையும் ஒரே குவியலாகக் கொட்டி எண்ணியபோது இவ்விரு மக்களின் தீர்ப்பும் கரைந்துபோயிற்று. இங்கிலாந்தின் சனத்தொகை எட்டரைப் பங்கு; மற்ற மூன்றும் சேர்ந்து ஒன்றரைப் பங்கு. எண்ணுவதற்கு முன்னரே யார் கை மேலோங்கும் என்பது தெரிந்ததே.

இதிலே ஒரு பழைய கணக்கையும் நினைவூட்ட வேண்டும். 1979இல் ஸ்கொத்லாந்துக்கு ஒரு சட்டசபை வேண்டுமா என்று வாக்கெடுத்தார்கள். வாக்களித்தோரில் 51.6 வீதத்தினர் வேண்டும் என்றனர். ஆயினும் சபை கிடைக்கவில்லை. பதிவுசெய்த வாக்காளர் அனைவரிலும் 40 வீதத்தினரேனும் ஆம் என்று சொல்ல வேண்டுமென வெஸ்ற்மினிஸ்ரர் நிபந்தனை விதித்திருந்தது. சொன்னோர் ஏறத்தாழ 33 வீதத்தினரே. சிறுபான்மை நாடொன்று தனக்கொரு சபை கேட்டபோது இவ்வளவு எச்சரிக்கை. 2016இல் முழு இராச்சியத்தையும் ஐரோப்பாவிலிருந்து பிரித்தெடுக்கும் பெருங் காரியத்துக்கோ நிபந்தனை ஒன்றுமில்லை. அன்று வெளியேறச் சொன்னோர் பதிவுசெய்த வாக்காளரில் ஏறக்குறைய 37 வீதத்தினர். 1979ஆம் ஆண்டின் அளவுகோலால் அளந்தால் அவ்வாக்கெடுப்புத் தோற்றிருக்கும். அளவுகோல் யார் கையில் இருக்கிறதோ அவர் விரும்பியவாறு நீளும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? ஸ்கொத்லாந்து 2014இல் பிரிவினை வேண்டாமென்று 55 வீதத்தால் தீர்மானித்தபோது, இராச்சியத்தில் இருந்தால்தான் ஐரோப்பாவிலும் இருக்கலாம் என்று அதற்குச் சொன்னார்கள். நிலைமை தலைகீழான பின், மீண்டும் ஒரு வாக்கெடுப்பை நடத்த ஸ்கொத்லாந்துப் பாராளுமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று 2022 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது.

வட அயர்லாந்தின் சங்கடம் இதனிலும் ஆழமானது. 3,500க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பூசல் 1998 உடன்படிக்கையால் ஓய்ந்தது. அதன்பின் வடக்குக்கும் தெற்குக்கும் இடையே ஏறத்தாழ 500 கிலோமீற்றர் எல்லையிலே சோதனைச் சாவடி ஒன்றும் மிஞ்சவில்லை. வடக்கிற் கறக்கும் பாலில் கணிசமான பங்கு தெற்கே போய்ப் பாற்கட்டியாகிறது. தோட்டத்தின் ஒரு மூலை ஒரு நாட்டிலும் மறுமூலை மற்ற நாட்டிலும் இருக்கும் கமக்காரர் உளர். பிரித்தானியா வெளியேறினால் அங்கே சுங்கச் சாவடி எழ வேண்டும். சாவடி எழுந்தால் துப்பாக்கியும் திரும்புமோ என்ற அச்சம். நம் நாட்டில் சாவடிகளைக் கடந்து வாழ்ந்த நமக்கு அவ்வச்சத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை. இறுதியில் சாவடியைக் கடலுக்கு நகர்த்தினார்கள்: பிரித்தானியாவிலிருந்து வட அயர்லாந்துக்குப் போகும் சரக்கைத் துறைமுகத்திற் சோதிப்பதென்று முடிவாயிற்று. எங்களை எங்கள் நாட்டிலிருந்தே வேலி போட்டுப் பிரித்தனர் என்று ஒன்றியவாதிகள் கொதித்தனர். 2022 பெப்ரவரி முதல் இரண்டாண்டுகள் பெல்பாஸ்ற் அரசாங்கம் முடங்கியது. 2023இல் வின்சர்க் கட்டமைப்பு என்ற திருத்தம் வந்தது. 2024 டிசம்பரில் அவ்வேற்பாடு தொடரலாமென்று 48க்கு 36 என்ற கணக்கில் அவர்களின் சட்டசபை வாக்களித்தது, ஒன்றியவாதிகள் எதிர்த்தனர்.

நம்மவர் கதைக்கு வருவோம். 1983க்குப் பின் ஒல்லாந்து, ஜெர்மனி, பிரான்சு, டென்மார்க் என்று சிதறிய நம் மக்களிற் பலர், அந்நாட்டுக் குடியுரிமை பெற்றபின் பிள்ளைகளின் ஆங்கிலக் கல்விக்காகவும், கோயிலும் உறவும் கடையும் உள்ள இடத்தை நாடியும் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தார்கள். ஒல்லாந்துக் கடவுச்சீட்டோடு லெஸ்ரரிலோ ஹரோவிலோ வீடு வாங்கியவனுக்கு, தான் அங்கே இருப்பது ஐரோப்பியன் என்ற உரிமையினால் மட்டுமே என்பது 2016 யூன் 24ஆந் திகதிக் காலையிலே உறைத்தது. ஒருமுறை வேரறுந்து நட்ட செடியை மறுபடி பிடுங்கி நட்டார்கள். மூன்றாம் முறையும் பிடுங்குவார்களோ? ஓராண்டு கழியும்வரை அவர்களுக்கு உறுதியான மறுமொழி இல்லை. பின்னர்தான் விண்ணப்பித்து நிலைத்த வதிவுரிமை பெறும் வழி திறந்தது. 2021 யூன் 30 கடைசித் திகதி. முப்பது இலட்சம் பேரளவில் என்று கணித்திருந்த அரசாங்கத்துக்கு ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. தன் நாட்டிலே யார் யார் வாழ்கிறார்கள் என்பதே அரசாங்கத்துக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆங்கிலம் வாசிக்க வராத முதியோர் திகதியைத் தவறவிட்ட கதைகளும் உண்டு. ஐந்தாண்டு நிறையாதோருக்குத் தற்காலிக உரிமையே கிடைத்தது. உங்கள் உறவினர் எவரேனும் அந்நிலையில் இருப்பின், அப்பத்திரத்தை நிரந்தரமாக்கினார்களா என்று இன்றிரவே தொலைபேசியிற் கேளுங்கள்.

வர்த்தகத்திலும் நமக்கு ஒரு நூல் இணைப்பு உண்டு. மனித உரிமைக் குறைபாட்டால் 2010இல் இழந்த ஐரோப்பியத் தீர்வைச் சலுகை 2017 மே மாதத்திலே இலங்கைக்கு மீண்டது. அப்போதே பிரித்தானியா கதவருகில் நின்றது. நம் ஆடைகளைப் பெருமளவில் வாங்கும் நாடு வெளியே போனதும் சலுகையும் போகுமோ என்ற கவலை எழுந்தது. பிரித்தானியா தனக்கென ஒரு சலுகைத் திட்டம் வைத்து, 2023 யூனில் அதனைப் புதுப்பித்தமையால் ஆபத்து நீங்கிற்று.

நட்டமென்ன என்று கேட்பீர்கள். ஒன்றியத்துள் இருந்திருந்தால் எய்தியிருக்கக்கூடிய உற்பத்தித் திறனில் நெடுங்காலத்தில் 4 வீதம் குறையும் என்பது அந்நாட்டு வரவு செலவுப் பொறுப்பு அலுவலகத்தின் கணிப்பு. கணிப்பாளர் தவறலாம், கொரோனா நோயும் உக்ரேன் யுத்தமும் இடையே வந்து கணக்கைக் குழப்பிவிட்டன. இலண்டனில் இருந்த ஐரோப்பிய மருந்து நிறுவனம் அம்ஸ்ரடாமுக்குப் போனதும், வங்கி அதிகாரசபை பாரிசுக்குப் போனதும் கண்கூடு. மறுபக்கத்தில் அவுஸ்திரேலியாவோடும் நியூசிலாந்தோடும் செய்த ஒப்பந்தங்கள் 2023 மே 31இல் அமுலாயின. 1973இற் கைவிட்ட நியூசிலாந்தின் ஆட்டிறைச்சியை அரை நூற்றாண்டின் பின் மறுபடி வரவேற்றார்கள். அதனோடு போட்டியிட வேண்டியவன், கடாவை விடுவதா என்று தவித்த அதே வேல்சுக்காரன்.

2024 யூலையில் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது. 2025 மே 19இல் இலண்டனில் ஒன்றியத்தோடு மறுபடி கைகுலுக்கினார்கள். ஐரோப்பிய மீன்பிடிப் படகுகள் 2038 வரை பிரித்தானியக் கடலில் வரலாம் என்று இசைந்தார்கள். பதிலுக்கு இறைச்சி, மரக்கறி முதலியவற்றுக்கு எல்லையில் நடக்கும் சோதனைகளைக் குறைக்கும் உடன்படிக்கை ஒன்றைப் பேசித் தீர்ப்பதென்று முடிவுசெய்தார்கள். தம் கடல் தமக்கே என்று வாக்களித்த மீனவர் சீறினர். ஆட்டுக்காரர் சற்றே மூச்சுவிட்டனர். அவ்வாண்டு ஐப்பசியிலும் அவர்கள் கடாவை மந்தைக்குள் விட்டிருப்பார்கள்.